மீனுக்குப் பத்துக் கையெழுத்து

இந்த வேலையில் நீங்கள் வாயைத் திறந்து இரண்டாவது வாக்கியம் சொல்வதற்குள் முன்னால் ஒரு தட்டு மீன் வறுவலைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

டிரம் மேல் உட்கார்ந்தவர்

கொழிஞ்சாம்பாறையில் ராசாத்தி அக்கா மெஸ்ஸில் அந்த வறுவலும் வரவில்லை. கழுத்தில் அட்டையும் கையில் ஃபாரமுமாக நான் நுழைந்ததும் அக்கா சமையல்கட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். உள்ளே தடதடவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் அவருடைய வீட்டுக்காரர் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மை மூடி, மூடிமேல் ஈரச் சாக்கைப் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார். "மீன் எங்கே வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டேன். "இன்னைக்குச் சைவமுங்க" என்றார். டிரம்முக்குள் டொம் என்று ஓர் இடி. மனுசன் ஓர் அங்குலம் எழும்பி இறங்கினார். அவர் தலைக்கு நேர் மேலே சுவரில் எழுதியிருந்தது: உயிர் மீன் கிடைக்கும்.

அட்டையைப் பார்த்தவுடன் எல்லாரும் என்னை ஃபுட் சேஃப்டி ஆபீசர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பதினெட்டு வயது. மீசையே இன்னும் ஒழுங்காக வரவில்லை. பெருமாட்டியில் எங்களுக்குத் தென்னந்தோப்பு. பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி போய்விட்டது. திரும்ப எழுதச் சொன்னார்கள், எழுதவில்லை. படிக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான், இதற்குமேல் ஒரு காரணம் ஜோடித்துச் சொல்ல எனக்கு வராது. பாலக்காட்டில் ஒரு சங்கம் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வளர்ப்பு மீன் துன்பப்படக் கூடாது என்று ஓட்டல்காரர்களிடம் எழுதி வாங்குவது அவர்கள் வேலை. மீனை நெருக்கி அடைக்கக் கூடாது, தண்ணீரில் காற்று ஓடவேண்டும், நாள்கணக்கில் பட்டினி போடக் கூடாது, வெளியே எடுத்துத் துடிக்கவிடக் கூடாது, அறுப்பதற்கு முன் தலையில் ஒரே அடியில் நினைவு போயிருக்க வேண்டும். ஐந்துக்கும் கீழே ஒரு கையெழுத்து. தீபாவளிக்குள் பத்து ஓட்டல் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் நேராக டுட்டோரியல், மறுபடியும் கெமிஸ்ட்ரி. இரண்டாவது பாதி சங்கம் சொன்னதில்லை, என் அப்பா சொன்னது.

இன்ஷூரன்ஸ், வாட்டர் ஃபில்டர் என்று ஏதோ ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு கடை ஏறி இறங்கியவர்களுக்கு என் நிலைமை புரியும். நம்மைக் கண்டதும் பொய் சொல்ல ஆரம்பிப்பார்கள், அதை நாமும் நம்புகிற மாதிரி நிற்கவேண்டும். எனக்கு அப்படி நிற்க வராது. "மாமா, எந்திரிங்க. மூடி வெச்சா உள்ள இருக்கறது செத்துப்போகும்" என்றேன். மறுபடி டொம். மறுபடி ஓர் அங்குலம். கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மீனே இல்லீங் தம்பி, எனக்கு ரெண்டு நாளா வாயுத் தொந்தரவு."

நூற்றுக்கு நூறு

என்னிடம் கொடுத்த பட்டியலை யாரோ ஆபீசில் உட்கார்ந்து ஃபோன் மேப்பைப் பார்த்துத் தயாரித்திருந்தார்கள். அதில் கல்பாத்திப் பக்கம் ஒரு மெஸ். போனேன். வாழையிலையும் நெய் வாசமும் வந்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். முதலாளி கிச்சா மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "முழுக்கப் படி, கேக்கறேன்" என்றார். இந்த வேலையில் அதுவரை யாரும் என்னைப் படிக்கச் சொன்னதில்லை. படித்தேன்.

"மீனை நெருக்கி அடைக்கக் கூடாது." "அடைக்கறதில்லை." "பட்டினி போடக் கூடாது." "போட்டதே இல்லை." "வெளியே எடுத்துத் துடிக்கவிடக் கூடாது." "சிவ சிவா, எங்காத்துல அந்த வழக்கமே கிடையாது." நாலாவது வரும்போதுதான் எனக்கு உறைத்தது. "மாமா, இது சைவ மெஸ்ஸா?" என்று கேட்டேன். "பின்னே?" என்றார். அப்படியென்றால் இந்த ஃபாரம் உங்களுக்கு இல்லை என்று சொல்லி எழுந்தேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு ஒழுங்காக நடத்துகிறவனுக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு என்று ஃபாரத்தைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டு, மெஸ் முத்திரையையும் குத்தினார்.

எங்கள் கோ-ஆர்டினேட்டர் ஷீபா மேடம் அதை வாங்கிப் பார்த்து, முதல் கையெழுத்து என்று கைகொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஃபாரத்தில் சைவமா அசைவமா என்று கேள்வியே இல்லையே என்றார். கிச்சா மாமா நான் படியிறங்கும்போது கூப்பிட்டுச் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன்: "ஆட்டுக்கும் கோழிக்கும் ஃபாரம் இருந்தா கொண்டுவாடா கொழந்தே, ஒரே இருப்புல போட்டுக் கொடுத்துடறேன்."

பெருமாள் கேரண்டி

புரட்டாசி பிறந்துவிட்டது. எங்கள் பக்கம் புரட்டாசி என்றால் தமிழ் வீடுகளில் கவிச்சி கிடையாது. சனிக்கிழமை மட்டும் விடுகிறவர்கள் உண்டு, மாசம் முழுக்க விடுகிறவர்களும் உண்டு. பெருமாட்டி ரோட்டில் ஆறுச்சாமி அண்ணன் ஓட்டலில் வாசலிலேயே கண்ணாடித் தொட்டி. ஆள் விரலை நீட்டி எந்த மீன் என்று காட்டினால் அதைப் பிடித்து வறுப்பார்கள். புரட்டாசியில் விரலை நீட்ட ஆளில்லை. தொட்டியில் மீன்களெல்லாம் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி கொழுத்துத் திரிந்தன. மிஞ்சின பரோட்டாவையெல்லாம் அண்ணன் அதில்தான் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஃபாரத்தை நீட்டியதும், "அஞ்சும் இப்ப நடந்துட்டுத்தானுங்க இருக்குது" என்று உடனே பேனாவை எடுத்தார். நெருக்கமில்லை, பட்டினி இல்லை, அடியே இல்லை. கையெழுத்துக்குக் கீழே தானாகவே ஒரு வரியும் சேர்த்தார்: புரட்டாசி முடியும் வரை. அது செல்லாதே என்றேன். பெருமாளுக்குச் செல்லும், உங்கள் சங்கத்துக்குச் செல்லாதா என்று கேட்டார். ஷீபா மேடம் அந்த வரி தெரியாதபடி மடித்து ஃபோட்டோ எடுத்து மேலே அனுப்பிவிட்டார். இரண்டு. அண்ணன் என்னை ரோடு வரை கொண்டுவந்து விட்டு, தோளில் கைபோட்டுச் சொன்னார்: "ஐப்பசி ஒண்ணாந்தேதி காலைல நேரமே வந்துருங் தம்பி, முதல் மீன் உங்களுக்குத்தான்."

கள்ளுஷாப்பில்

சித்தூர்ப் பக்கத்துக் கள்ளுஷாப்புகளில் கள்ளுக்கு இருக்கிற மரியாதை மீன் குழம்புக்கும் உண்டு. சமையல்காரர் சுப்பண்ணன் நான் சொன்னதை நன்றாகவே கேட்டார். நாலு விஷயத்துக்குத் தலையாட்டினார். ஐந்தாவதில் நின்றுவிட்டார். அடிப்பது பாவமாம். நினைவு போகவேண்டும், அவ்வளவுதானே, அதற்கு எதற்கு அடி, இங்கே தினமும் நாற்பது பேருக்கு யாரும் கை வைக்காமலே நினைவு போகிறதே என்று, நான் தடுப்பதற்குள் அரைக்குப்பிக் கள்ளை மீன் வாளிக்குள் ஊற்றினார்.

மீன் மயங்கவில்லை. நுரை பொங்கியது. இரண்டு கட்லா எகிறிக் குதித்து பெஞ்சுக்கு அடியில் போயின, ஒன்று என் பைக்குள் விழுந்தது. அதில் எட்டு புது ஃபாரம் இருந்தது. நான் மீனை எடுத்துத் தண்ணீரில் விட்டுவிட்டு, ஈர ஃபாரத்தைப் பிழிந்துகொண்டே, இது மீன் நலம் இல்லை, இது வேறு என்று கத்தினேன். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. எல்லாரும் கள்ளு குடித்த மீன்தான் வேண்டுமென்று தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மூலையில் இருந்த ஒருவர் மட்டும் எழுந்து வந்து வாளியை எட்டிப் பார்த்துவிட்டுச் சுப்பண்ணனிடம் கேட்டார்: "நாங்க காசு குடுத்துக் குடிக்கறோம், இதுக்கு மட்டும் ஓசியா?"

கண்டக்டரய்யா

தேவிகுளம் பக்கம் ஒரு ரிசார்ட். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி, மலையில் இரண்டு தடவை வாந்தியெடுத்துப் போய்ச் சேர்ந்தேன். மேனேஜர் ஃபாரத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். வெளிநாட்டுக்காரர்கள் இதையெல்லாம் கேட்கிறார்களாம். சான்றிதழ் எவ்வளவு பெரிசாக இருக்கும் என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. நான் விடவில்லை. தொட்டியில் எத்தனை மீன் என்றாவது தினமும் எண்ணி எழுதவேண்டும் என்றேன். அவர் சமையலறையைக் காட்டிவிட்டார். அங்கே பேச்சியம்மாள் அக்கா. பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வீடு. எட்டு வருசம் தேயிலை கிள்ளிவிட்டு இங்கே வேலைக்கு வந்தவர்.

"எல்லாம் ஒரே மாதிரில்லா இருக்கு, எப்படிய்யா எண்ணுதது?" என்றார். அடுத்த வாரம் நான் மறுபடி போனபோது எண்ணுவதற்கு வழி கண்டுபிடித்திருந்தார். எல்லா மீனுக்கும் பேர். தோட்டத்து ஆட்கள் பேர். சும்மா சுற்றிக்கொண்டே இருப்பது பெரிய துரை. கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது ஃபேக்டரி கிளார்க்கு. மெலிந்து வெள்ளையாக இருந்தது ஆஸ்பத்திரி நர்சம்மா. "அவுகளை மட்டும் யாரும் தொடக்கூடாது, என் ரெண்டு புள்ளையும் அவுகதான் எடுத்தாக." மற்ற மீன்களை முட்டி முட்டி மூலைக்கு விரட்டிக்கொண்டிருந்தது கண்டக்டர். பஸ் கண்டக்டர் இல்லை. தோட்டத்தில் இலையை எடைபோட்டு, குறைவென்று கத்துகிறவர்.

மத்தியானம் சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று தொட்டி முன்னால் நின்றது. குடும்பத் தலைவர் விரலை நீட்டினார். நீட்டியது கண்டக்டரை. பேச்சியம்மாள் அக்கா தொட்டிப் பக்கம் வந்தார். முந்தானையைச் செருகினார், வலையைப் போட்டார், கட்டையை எடுத்தார். நான் இதுவரை பார்த்ததில் சட்டப்படி சரியான அடி அது ஒன்றுதான். சுத்தம், வேகம், மீனுக்கு எதுவும் தெரிந்திருக்காது. கையைக் கழுவிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: "எட்டு வருசம் இவரு வாயில விழுந்து எந்திரிச்சேன் தம்பி, நீங்க எழுதியிருக்கபடி ஒரே அடிதான் அடிச்சேன், ரெண்டாவது அடிக்கல."

மீன் இல்லாத சான்றிதழ்

மூன்று கையெழுத்து. தீபாவளிக்கு இரண்டு வாரம். இந்த நேரத்தில் கிச்சா மாமாவுக்குச் சான்றிதழ் வந்து சேர்ந்தது. பெரிய கண்ணாடி ஃப்ரேம், நடுவில் வாயைத் திறந்த மாதிரி ஒரு பெரிய மீன் படம். மாமா ஆசையாகக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். மறுநாளே ஃபோன். முப்பது வருசமாக வந்துகொண்டிருந்த இரண்டு பேர் வாசலில் நின்று படத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டார்களாம். மாமா என்னைத் திட்டவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "இதே சர்ட்டிஃபிகேட்டு, மீன் இல்லாம கிடைக்குமாடா?"

மேடத்தின் யோசனை

ஷீபா மேடம் நல்லவர். கத்தமாட்டார். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். மேலிடத்தில் கல்பாத்தி மெஸ்ஸைத்தான் எல்லாரும் புகழ்கிறார்களாம், ஐந்தும் முழுதாக நடக்கிற ஒரே இடமாம். "அதுபோலே ஏழு பிடிக்கு மோனே" என்றார். பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை எங்கும் சைவ ஓட்டல்தான். ஒரே நாளில் முடிந்துவிடும். நான் நிரந்தரம், அவருக்கும் மேலே நல்ல பேர், எங்கள் அப்பா டுட்டோரியலுக்குக் கட்டவேண்டியதும் மிச்சம். அப்புறம் பட்டியலில் ராசாத்தி அக்கா பேருக்கு நேரே ஒன்றும் போடாமல் இருக்கிறதே, அங்கே மறுத்தார் என்று போட்டு முடித்துவிடு என்றார்.

சைவ ஓட்டலில் மீனே இல்லையே மேடம் என்றேன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்: "அங்க மீனுக்கு ஒரு பிரச்னையும் இல்லல்லோ, பின்னே உனக்கு என்ன பிரச்னை?"

பதினோரு ஓட்டு

மறுத்தார் என்று எழுதவேண்டுமென்றால் ஒரு தடவையாவது அவர் மறுக்கவேண்டும். அதனால் மறுபடி ராசாத்தி அக்கா மெஸ்ஸுக்குப் போனேன். இந்தத் தடவை அக்கா வீட்டுக்கார மாமா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். டிரம் பக்கத்தில் இருந்தது. மூடி இல்லை, மேலே வலை. முன்பு முப்பது மீனாவது இருந்திருக்கும், இப்போது பத்துப் பன்னிரண்டு. உள்ளே ஒரு குழாய், அதன் நுனியில் குமிழி. மகன் வாங்கிவைத்து மறந்துபோன மீன்தொட்டி மோட்டாராம். சுவரில் ஆணியில் ஒரு தென்னங்கட்டை தொங்கியது. அறுக்கிறதுக்கு முன்னால் ஒரே போடு என்று மாமா கையால் காட்டினார்.

அக்காவே சொன்னார். நான் அன்றைக்கு ஐந்தையும் சொல்லிவிட்டுப் போன பிறகு மூடியைத் திறந்தாராம். மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததாம். "இவருக்கு மூச்சிழுப்பு வந்தா இப்புடித்தானுங் கண்ணு வாயைத் தொறப்பாரு. ராத்திரி பூரா பக்கத்துல குக்கிட்டுப் பாத்துட்டுக் கெடப்பேன். அதையே பகல்லயும் டிரம்முல பாக்கோணுமா?" மாமா தலையைத் தூக்கவில்லை. வெங்காயம் உரித்ததில் கண் கலங்கியிருந்தது, அல்லது கலங்கியிருந்ததால் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்டுபிடிக்கப் போகவில்லை.

எனக்கு அவசரம். பையிலிருந்து ஃபாரத்தை எடுத்தேன், லேசாகக் கள்ளு வாசம் அடித்தது. அக்கா பேனாவைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனார். எல்லாம் செய்கிறீர்கள், ஒரு கையெழுத்துத்தானே என்றேன். எல்லாம் செய்கிறேன், கையெழுத்து மட்டும் கேட்காதே என்றார். ஏன் என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகத்தான். அதற்கு அக்கா சொன்னது: "போன தடவை ஒரு தம்பி இப்புடித்தான் ஃபாரத்தை நீட்டினான், போட்டேன், வார்டு எலக்சன்ல என்னையக் கொண்டுபோயி நிக்க வெச்சுட்டான், பதினோரு ஓட்டு, அதுல இவரு ஓட்டுக்கூட இல்லீங் கண்ணு."

இரண்டே கட்டம்

எங்களுக்கு ஃபோனில் ஓர் ஆப் உண்டு. ஓட்டல் பேருக்கு நேரே இரண்டு கட்டம்: ஒப்புக்கொண்டார், மறுத்தார். செய்கிறார் என்று ஒரு கட்டம் கிடையாது. கையெழுத்து இல்லாமல் முதல் கட்டம் திறக்காது. இரண்டாவதை அமுக்க ஒரு விரல் போதும். ராசாத்தி அக்கா மெஸ் பெஞ்சில் உட்கார்ந்து அந்த விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். டிரம்மில் குமிழி ஓடிக்கொண்டிருந்தது. ஃபோனைப் பையில் போட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சைவ ஓட்டலில் நாலு இட்லி சாப்பிட்டேன். முதலாளி என் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு அவராகவே வந்து நின்றார். கல்பாத்தியில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறார்களாமே, எங்களுக்கும் ஒன்று கொடுங்கள் தம்பி என்றார். அந்தத் தெருவில் மட்டும் அப்படி ஐந்து ஓட்டல். பையில் ஃபாரம் இருந்தது, பேனாவும் இருந்தது. இட்லி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனேன்.

தீபாவளி முடிந்த மறுநாள் அப்பா என்னை எழுப்பினார். "பத்துன்னா பத்து, மூணுன்னா மூணு, எந்திரி" என்றார், அவ்வளவுதான். இப்போது டுட்டோரியலில் இருக்கிறேன். முதல் பாடம் கரைசல்கள். தண்ணீரில் வாயு கரைந்திருப்பதற்கு ஓர் உதாரணம் சொல் என்று சார் கேட்டார். ராசாத்தி அக்கா டிரம் என்றேன். வெளியே நிறுத்திவிட்டார். வெளியே நின்றபோது ஃபோன் அடித்தது, ஷீபா மேடம். நான் கிளம்பி வந்த பிறகும் ஆப்பில் அந்த ஒரு பேர் மட்டும் சிவப்பாக நிற்கிறதாம், அது என் ஃபோனிலிருந்துதான் முடியுமாம். "மறுத்தார்னு ஒண்ணு அமுக்கிக் கொடு மோனே, எனக்கு மாசக் கணக்கை மூடணும்" என்றார். சரி மேடம் என்றேன், இன்னும் அமுக்கவில்லை.

ஆக என் மொத்த சர்வீஸ் மூன்று கையெழுத்தும் ஒரு டிரம்மும், அதில் டிரம் கணக்கில் சேராது.